மஞ்சள் விளக்கு எரிந்த வழி: சாந்தோமிலிருந்து அடையாறு வரை ஒரு நேக்கட் பைக்கில்

போன மார்ச் மாதம், தவக்காலத்தின் நடுவில் ஒரு புதன்கிழமை, நானும் என் மனைவி ரெஜினாவும் சாந்தோமிலிருந்து தி. நகர், சைதாப்பேட்டை வழியாக அடையாறு வரை மோட்டார் சைக்கிளில் போனோம். மொத்தம் பதினைந்து கிலோமீட்டர். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், தொள்ளாயிரம் சிசி நான்கு சிலிண்டர் வண்டியைக் காலை ஒன்பதரை மணிக்கு லஸ் முனையில் ஓட்டிவிட்டு வந்து கேட்கட்டும். லடாக் போய் எழுதுகிறவர்களுக்குக் குளிர் ஒன்றுதான் பிரச்சினை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக என் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று இருமும். ஒரு நொடி பவர் போகும். பிறகு மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது எரிந்தால் வண்டியின் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் தடுப்பும் வேலை செய்யாது. நான்கு முறை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். நான்கு முறையும் அவர்கள் ஓட்டிப் பார்த்தபோது விளக்கு எரியவில்லை. நான்காவது முறை அங்கிருந்த மேனேஜர், "அங்கிள், வண்டியில ஒண்ணும் இல்ல. உங்க ஏஜுக்கு இது கொஞ்சம் ஓவர்" என்றார்.

எனக்கு அறுபத்தாறு. துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினைப் பற்றி எனக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. கையேடுகளை அகராதி வைத்துப் படித்து, கழற்றி, மாட்டி, மீந்துபோன போல்ட்டுக்கு இடம் தேடிக் கற்றுக்கொண்டது. வயதைக் காரணம் காட்டுகிறவர்களுக்கு வேறு காரணம் தெரியவில்லை என்று அர்த்தம். அதை அவரிடமே சொன்னேன். அவர் எனக்குக் காபி வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

பிப்ரவரியில் கிரீன்வேஸ் சாலையில் ஒரு மாநகரப் பேருந்தை முந்திக்கொண்டிருந்தபோது பவர் போனது. பேருந்து எனக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "வூட்ல சொல்லிக்கினு வந்தியா பெருசு?" என்றார். அதை நான் வீட்டில் போய்ச் சொன்னதுதான் தவறு.

ரெஜினா கத்தவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ நானே பின்னாடி உக்காந்து வரேங்க. டிராபிக்ல, வெயில்ல, பள்ளத்துல எல்லாம் போவோம். லைட் வரலன்னா வண்டிய வெச்சுக்கோங்க. வந்துச்சுன்னா அந்த அடையாறு தம்பிக்குக் குடுத்துடுங்க."

அடையாறு தம்பி என்பது பிரவீன். தரமணியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இந்த வலைப்பூவைப் படித்துவிட்டு, விளக்குச் சமாச்சாரம் தெரிந்தே, இரண்டு மாதமாக வண்டியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ரெஜினாவிடம் சரி என்றேன். பிரவீனுக்கும் போன் செய்து, "வழியில் விளக்கு எரிந்தால் வண்டி உங்களுடையது, எரியாவிட்டால் இனிமேல் கேட்கக் கூடாது" என்றேன். எதையும் ஒரு முறைதான் சொல்கிறவன் நான்.

வண்டியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: நேக்கட் பைக் என்றால், பெயருக்கு ஏற்ப அம்மணமாக, மேலே மூடி, கண்ணாடி, பிளாஸ்டிக் கவசம் எதுவும் இல்லாத வண்டி. இன்ஜின், ஃப்ரேம், ரேடியேட்டர் எல்லாம் வெளியே தெரியும். மற்றபடி பந்தய வண்டியின் இன்ஜின்தான். முதன்முதலில் பங்குச் சாமியாரிடம் மந்திரிக்கக் கொண்டுபோனபோது அவர் இது என்ன வகை என்று கேட்டார். "நேக்கட் பைக், ஃபாதர்" என்றேன். வீட்டுக்கு வரும்வரை ரெஜினா என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் "பெரிய பைக்" என்பாள்.

நூற்றிருபது குதிரைத்திறன். எடை இருநூற்றுப் பத்து கிலோ. முதல் கியரிலேயே நூறைத் தொடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆழ்வார்பேட்டையில் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர். முதல் கியருக்கு அதுவே மிகக் குறைவு என்பதால் கிளட்சை முழுசாக விட முடியாது. பாதியில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். இடது கை வலிக்கும். இதை எந்த விமர்சனத்திலும் எழுதமாட்டார்கள். விமர்சனம் எழுதுகிறவர்கள் விடியற்காலையில் காலியான ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்கள்.

ஒன்பது இருபதுக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். பின்சீட்டு ஒரு பிரெட் துண்டு அளவுதான். ரெஜினா சுடிதார் போட்டு, ஹெல்மெட் மாட்டி, என் தோளைப் பிடித்து ஏறுவதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் மூன்று பேர் வெளியே வந்துவிட்டார்கள். ஏறுவதற்கு முன்னால் குனிந்து முன்சக்கரத்தின் பக்கத்தில் இருந்த மாதா சுரூபத்தைத் தொட்டு முத்திக்கொண்டாள். வேளாங்கண்ணியில் வாங்கியது. காரில் ஒட்டுவதற்காகப் பின்னால் காந்தம் வைத்த, ஐந்து ரூபாய் நாணயம் அளவு சுரூபம். இந்த வண்டியில் அதை ஒட்ட இடமே கிடைக்கவில்லை. டேங்க் மேல் பிளாஸ்டிக், ஹேண்டில் அலுமினியம். கடைசியில் முன்சக்கர அச்சுக்கு மேலே ஓர் இரும்பு போல்ட்டின் தலையில்தான் ஒட்டியது.

லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களும் தகரத் தடுப்புகளும் உங்களுக்குத் தெரிந்ததே. மாற்றுப்பாதை என்று போட்டிருந்த இடத்தில் இன்னொரு மாற்றுப்பாதை. ஆழ்வார்பேட்டை வரும்போது ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்ஜின் நீர் நூறு டிகிரியை நெருங்கினால் அது தானாக ஓடும். அந்த அனல் முழுக்க என் தொடையில். பெரிய இன்ஜின் உண்டாக்கும் சூட்டை வேகமாகப் போகும் காற்று எடுத்துப்போக வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு. எல்டாம்ஸ் சாலையில் வேகமும் இல்லை, காற்றும் இல்லை. விளக்கு எரிவதற்கு இந்தச் சூடுதான் காரணம், சென்சார் வயர் கொதித்துப்போகிறது என்று நான் இந்த வலைப்பூவில் மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

"ஏங்க, கால் சுடுது."

"இது சூடே இல்லை. மே மாதம் வந்து பார்."

"மே மாசம் நான் எதுக்கு வரேன்?"

தேனாம்பேட்டை சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, இம்மாம் பெரிய வண்டிய வெச்சிக்கினு என் பின்னாடியே வந்துகினு கீற?"

"நீ வழி விட்டால் போவேன்."

"எங்க உடுறது? எனக்கே வழி இல்ல. மேல பறந்து போயிடு."

"அவருக்கு யோசன குடுக்காதப்பா, செஞ்சிடுவாரு" என்றாள் ரெஜினா. ஆட்டோக்காரர் சிரித்து, பின்சீட்டைக் காட்டி, "யக்கா, உனக்கு சீட்டு எங்க கீது?" என்றார். சிக்னல் விழுந்தது. எங்களுக்கு முன்னால் அவர்தான் போனார்.

பத்தே காலுக்குப் பனகல் பார்க். ஆறு கிலோமீட்டருக்கு ஐம்பத்தைந்து நிமிடம். விளக்கு எரியவில்லை. பாண்டி பஜாரில் ஒரு காபி குடித்தோம். இருவருக்கும் எண்பது ரூபாய், சர்க்கரை அதிகம். ஹெல்மெட்டைக் கழற்றிய ரெஜினாவின் முகம் சிவந்திருந்தது. நான் சூடு தணியட்டும் என்று இருபது நிமிடம் நின்றேன். அவள், "தணிய விடக் கூடாதுங்க, அது ஏமாத்து" என்றாள். நியாயம்தான். கிளம்பினோம்.

தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து சி.ஐ.டி. நகர் போகும் புது மேம்பாலத்தில் ஏறியபோது, அன்றைக்கு முதல்முறையாக முன்னால் யாரும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது என்று கியரை மாற்றி, கைப்பிடியில் த்ராட்டிலைத் திருகினேன். நிமிடத்துக்கு ஐந்தாயிரம் சுற்றுக்குக் கீழே இந்த இன்ஜின் தையல் மெஷின் மாதிரி. அதைத் தாண்டினால் குரல் மாறும். நான்கு சிலிண்டரும் ஒரே மூச்சில் இழுக்கும். கை நீளும், வயிறு பின்னால் போகும். ஆனாலும் வண்டி நேராக, அமைதியாக நிற்கும். அந்த நேர்மைக்காகத்தான் இதை வாங்கினேன். கொடுத்த த்ராட்டிலுக்கு ஏற்ற பவர், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குள் பாலத்தின் பாதி முடிந்துவிட்டது. ரெஜினாவின் கைகள் என் இடுப்பை இறுக்கியிருந்தன.

பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் தடதடவென்று ஏறி இறங்கியது. இறக்கத்தில் தார் பெயர்ந்த ஒரு பள்ளம். அதில் இறங்கி ஏறி, சைதாப்பேட்டைப் பக்கம் திரும்பி, மார்க்கெட்டுக்குப் போகும் கூட்டத்துக்குள் நுழைந்தபோது வண்டி இருமியது. பவர் போனது. பின்னால் வந்த லோடு ஆட்டோ ஹாரன் அடித்து விலகியது. பவர் திரும்பி வந்தபோது மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தினேன். மீன் கூடையோடு பேருந்துக்கு நின்ற ஒரு பெண், "மாமா, பெட்ரோல் இல்லியா?" என்றாள். இல்லை, இருக்கிறது என்றேன். ரெஜினா என் தோள் வழியாக மீட்டரை எட்டிப் பார்த்தாள். "நான் சொல்லலங்க. நீங்களே பாத்துக்கோங்க" என்றாள். அவள் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அங்கிருந்து அடையாறு டிப்போவுக்கு ஆறு கிலோமீட்டர். சைதாப்பேட்டை ஆற்றுப் பாலம், சின்னமலை, கிண்டி ஓரமாக மத்திய கைலாஷ். நாற்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். மரங்களின் நிழல் உள்ள நல்ல சாலை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

டிப்போவுக்குப் பின்னால் ஒரு தெருவில் பிரவீன் வீடு. பதினொன்றேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கேட்டிலேயே நின்றார். விளக்கு எப்படியும் எரியும் என்ற நம்பிக்கையில், தன் பழைய வண்டியை அன்று காலைதான் வேறொருவருக்கு விற்று அனுப்பியிருந்தார். விளக்கு எரிந்துவிட்டது என்றேன். "ஓட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சாவியை நீட்டினேன். அதற்கு முன்னால் குனிந்து, போல்ட்டின் விளிம்புக்கு நகர்ந்திருந்த சுரூபத்தைக் கழற்றிக்கொண்டேன். மந்திரித்த சுரூபம். கிரீஸ் கையோடு யாரும் தொடக் கூடாது என்று சர்வீஸுக்கு விடும்போதும் கழற்றித்தான் விடுவேன், வாங்கியதும் வாசலிலேயே ஒட்டிவிடுவேன்.

பிரவீன் போனார். டிப்போ பக்கம் இருக்கும் அத்தனை மெட்ரோ பள்ளத்திலும் இறக்கி ஏற்றி, கால் மணி நேரம் கழித்து வந்தார். ஹெல்மெட்டுக்குள் பல் தெரிந்தது.

"சார், செம்ம வண்டி சார்! ஸ்டார்ட் பண்ணப்ப லைட் எரிஞ்சுது. தெருமுன தாண்டல, அதுவா அணைஞ்சிடுச்சு. அப்புறம் வரவே இல்ல."

மீட்டரைப் பார்த்தேன். விளக்கு இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. சர்வீஸ் சென்டரில் நான்கு முறை கேட்ட அதே வாக்கியம். கேட்டில் சாய்ந்து நின்றேன். என் கையிலிருந்த சுரூபம் 'டக்'கென்று கேட்டின் இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொண்டது.

நான் அதையே பார்த்தேன். பிறகு வண்டியின் அருகே உட்கார்ந்து, அது ஒட்டியிருந்த போல்ட்டைப் பார்த்தேன். அந்த போல்ட்டிலிருந்து இரண்டு விரல் தூரத்தில்தான் முன்சக்கரத்தின் சென்சார்.

விஷயம் இதுதான். சக்கரத்தோடு சேர்ந்து பல் வைத்த ஒரு வளையம் சுற்றும். எதிரே உள்ள சென்சார் ஒவ்வொரு பல்லையும் காந்தப் புலத்தை வைத்து எண்ணும். பின்சக்கரத்திலும் இதே ஏற்பாடு. இரண்டையும் கம்ப்யூட்டர் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பின்சக்கரம் ஓடி, முன்சக்கரம் மெதுவானால், டயர் வழுக்குகிறது என்று எடுத்துக்கொண்டு பவரை வெட்டும். நல்ல சாலையில் சுரூபம் போல்ட்டிலேயே இருக்கும், தொந்தரவு இல்லை. பள்ளத்தில் குலுங்கினால் கொஞ்சம் கொஞ்சமாகச் சென்சார் பக்கம் நகரும். அதன் காந்தம் குறுக்கே வந்தால் எண்ணிக்கை தவறும். சர்வீஸ் சென்டரில் விளக்கு எரியாததற்குக் காரணம், அங்கே சுரூபம் என் சட்டைப் பையில் இருந்தது.

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"மாதாவாலதான் வண்டி கெட்டுதுன்றீங்களா?"

"மாதாவால் இல்லை. பின்னால் இருக்கிற காந்தத்தால்."

"அத ஒட்டுனது யாரு?"

"நீ."

"போல்ட்ட காட்டுனது யாரு?"

போல்ட்டைக் காட்டியது நான்தான். ஆனால் முந்நூறு பக்கக் கையேட்டில் காந்தம் வைக்காதே என்று ஒரு வரி கிடையாது. நான் அட்டையிலிருந்து அட்டை வரை படித்தவன். எழுதாதது அவர்கள் குற்றம்.

பிரவீன் நல்ல பையன். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், அப்ப ஃபால்ட்டே இல்லியே. நீங்களே வெச்சுக்கோங்க. நான் வேற பாத்துக்கறேன்" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. அவர் கை இன்னும் டேங்க்கின் மேல்தான் இருந்தது.

ரெஜினா என்னைத் தனியே இழுத்தாள். "நானும் சொல்றேங்க. காரணம் தெரிஞ்சிடுச்சுல்ல. வேணும்னா எடுத்துட்டு வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"விளக்கு எரிந்தால் கொடுக்கிறேன் என்றேன். எரிந்தது."

"எதனால எரிஞ்சுதுன்னு…"

"எதனால் எரிந்தால் என்று நான் சொல்லவில்லை. எரிந்தால் என்றேன்."

"இது வீம்புங்க."

இருக்கட்டும். எட்டு மாதம் ஒவ்வொருவரும் என்னிடம் சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நாளை என்பார்கள், சென்சாரை மாற்றிவிட்டோம் என்பார்கள், மாற்றவில்லை என்பார்கள். அவர்களைத் திட்டி எழுதிவிட்டு நானும் அதைச் செய்ய முடியாது. அந்தப் பையன் தன் வண்டியை விற்றதே என் வார்த்தையை நம்பித்தான். இரண்டு சாவியையும் கொடுத்தேன். பெயர் மாற்றத்துக்கு மறுவாரம் வருவதாகச் சொன்னேன். ரெஜினா கேட்டிலிருந்து சுரூபத்தைப் பிரித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சர்வீஸ் சென்டர் மேனேஜருக்குப் போன் செய்தேன். "வயசு இல்லை தம்பி, காந்தம்" என்றேன். "எது சார்?" என்றார். வைத்துவிட்டேன்.

இதே வழியில் இப்படியொரு வண்டியில் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பதினொரு மணிக்கு மேல் கிளம்புங்கள், லஸ் பக்கமே போகாதீர்கள், ராஜா அண்ணாமலைபுரம் வழி சுற்றினாலும் நேரம் மிச்சம். தடித்த பேன்ட் போடுங்கள், இந்த இன்ஜினின் சூடு பற்றி நான் எழுதியதில் ஒரு சொல்லையும் திரும்ப வாங்கவில்லை. நின்று நின்று போகும் இடத்தில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. பின்சீட்டில் பெரியவர்களை ஏற்றாதீர்கள், ரெஜினாவுக்கு மூன்று நாள் இடுப்பு வலி. முக்கியமானது: எலுமிச்சையோ கறுப்புக் கயிறோ சுரூபமோ, உங்கள் வீட்டு வழக்கம் எதுவானாலும் முன்சக்கரத்தின் பக்கம் வேண்டாம். அதிலும் காந்தம் வேண்டவே வேண்டாம். சீட்டுக்கு அடியில் கருவிப்பை வைக்கும் இடம் காலியாகத்தான் இருக்கிறது.

இனி திரும்பி வந்த கதை. டிப்போவில் சாந்தோம் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினோம். பெண்களுக்கு இலவசம் என்பதால் ரெஜினாவுக்கு டிக்கெட் இல்லை, எனக்கு மட்டும். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கால் சுடவில்லை, கை வலிக்கவில்லை. அந்தச் சௌகரியம் எனக்குப் பிடிக்கவில்லை.

டிப்போவைத் தாண்டி அடையாற்றுப் பாலத்தில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. பிரவீன் வீட்டில் இருக்க முடியாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் இந்தப் பேருந்தில் இருப்பது அவருக்குத் தெரியாது. பாலம் காலியாக இருந்தும் இரண்டாவது கியரிலேயே இன்ஜினைக் கதறவைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மூணாவது போடுய்யா!" என்று கத்தினேன்.

பேருந்தே திரும்பிப் பார்த்தது. "இன்னா பெருசு, யாருக்கு கியர் போடச் சொல்ற? டிரைவரு முன்னாடி கீறாரு" என்றார் கண்டக்டர்.

ரெஜினா என் முழங்கையைப் பிடித்தாள். "அது நம்ம வண்டி இல்லீங்க."

"யார் வண்டியாக இருந்தால் என்ன. தப்பு தப்புதான்."

பிரவீன் காதில் விழவில்லை. பாலம் முடியும்வரை இரண்டாவதிலேயே போனார்.